பழைய பிக்கப் டிரக்கில் நாக் சென்சார் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஸ்கேனரில் நாக் சென்சார் என்ற பெயர் தெரிந்தவுடனே புதிய சென்சாரை வாங்கிவிடுவது பலருடைய வழக்கம். பழைய வண்டியில் அந்த அவசரத்துக்குத் தண்டம் அதிகம். பல இன்ஜின்களில் அது இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதிக்கு) அடியில் உட்கார்ந்திருக்கும்; அதைத் தொடவே ஒரு நாள் வேலை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பிறகு, பழுது சென்சாரில் இல்லை, கம்பியில்தான் என்று தெரிந்தால் போன நாள் போனதுதான். ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் அறிகுறியை ஒழுங்காகப் படிக்க வேண்டும்.

அதற்குச் சென்சார் செய்யும் வேலை தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி கொடுத்ததும் தீ ஓரிடத்தில் தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறினால், தீ வந்து சேர்வதற்குள் மூலையில் எஞ்சிய கலவை தானாகவே பற்றி வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். அந்த அடி சிலிண்டருக்குள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலிக்கும். 96 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் அது ஏறத்தாழ 6,000 ஹெர்ட்ஸ். பிளாக்கில் முடுக்கப்பட்ட நாக் சென்சாருக்குள் ஒரு பீசோ படிகம் இருக்கிறது. அதிர்வு பட்டால் அது சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதைக் கண்டதும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பொறி விழும் நேரத்தைச் சில டிகிரி தாமதமாக்குகிறது. சத்தம் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நேரத்துக்குத் திரும்புகிறது.

சென்சார் கம்ப்யூட்டருக்குக் காது. காது கேட்கவில்லை என்று தெரிந்துகொண்ட கம்ப்யூட்டர், இன்ஜினைக் காப்பாற்றப் பொறியை எப்போதுமே தாமதமாக விடத் தொடங்கும். எனவே செத்துப்போன சென்சார் பெரும்பாலும் நாக்கிங் சத்தத்தை உண்டாக்குவதில்லை, வண்டியை மந்தமாக்குகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் குழப்பங்கள் தாமாகவே தீரும்.

(டீசல் இன்ஜினின் இயல்பான தட்டல் வேறு விஷயம். பழைய டீசல் வண்டிகளுக்கு இங்கே சொல்வது பொருந்தாது.)

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஓட்டத்தில் வேறு குறை தெரியவில்லை

முதலில் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதுக் குறியீட்டைப் படியுங்கள். 1996 முதல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த கார்களிலும் இலகு டிரக்குகளிலும் ஓபிடி-2 இணைப்பு (ஸ்கேனரைச் சொருகும் பொதுத் தர இணைப்பு) உண்டு. சாதாரண ஸ்கேனரே போதும். பி0325 என்றால் முதல் சென்சாரின் மின்சுற்றில் குறை. பி0326 என்றால் சிக்னல் எதிர்பார்த்த வரம்பில் இல்லை. பி0327 என்றால் சிக்னல் மிகக் குறைவு, பி0328 என்றால் மிக அதிகம். இரண்டாவது சென்சாருக்கு பி0330, பி0332, பி0333 என்று அதே வரிசை தொடரும்.

பி0326 வந்தால் சென்சார் மீது பழி போடுவதற்கு முன் நிதானியுங்கள். சென்சார் சரியாகவே கேட்டு, கேட்ட சத்தம் விபரீதமாக இருந்தாலும் இந்தக் குறியீடு வரலாம். பி0325, பி0327, பி0330, பி0332 ஆகியவை வந்தால் கம்பி, கனெக்டர், சென்சார் என்ற மூன்றில் ஒன்றில் பழுது இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். பிளாக்கில் எப்போதும் ஏதோ ஓர் இயல்பான இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். அதுகூடக் கேட்கவில்லை என்றால்தான் கம்ப்யூட்டர் சிக்னல் குறைவு என்று சொல்கிறது.

1996-க்கு முந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் டிரக் என்றால், விளக்கு மினுக்கிக் காட்டும் குறியீடு 43-ஐப் பாருங்கள். அது இதே சுற்றைக் குறிக்கும். 1990-களின் சில நிசான் வண்டிகளில் பி0325 பதிவானாலும் விளக்கு எரியாது. விளக்கு இல்லை என்பதால் குறியீடும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

குறியீட்டை அழிக்கும் முன் அதனுடன் பதிவான ஃப்ரீஸ் ஃபிரேம் விவரத்தை எழுதி வையுங்கள்: வேகம், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், சுமை. இன்ஜின் குளிர்ந்திருந்தபோது வந்ததா, சூடேறிய பின் ஏற்றத்தில் வந்ததா என்பது பின்னால் பெரிய துப்பாக உதவும். அழித்துவிட்டால் அந்தத் தகவலும் போய்விடும்.

இழுவை குறைந்துவிட்டது, எரிபொருள் கூடுதலாகப் பிடிக்கிறது

ஏற்றத்தில் கியர் அடிக்கடி கீழே இறங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி சோம்புகிறது, ஆனால் சத்தம் எதுவும் இல்லை. நாக் சென்சார் செத்ததற்கு மிகப் பொருத்தமான அறிகுறி இதுதான். ஆனாலும் அடைத்த எரிபொருள் வடிகட்டி, அடைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் எல்லாமே இதே முகத்தைக் காட்டும். குறியீடு இல்லாமல் வெறும் மந்தம் மட்டும் இருந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

குறியீடும் இருக்கிறது என்றால், ஸ்கேனரில் இரண்டு எண்களைத் திறந்து வையுங்கள்: பொறி முன்னேற்றம் (பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழுகிறது), நாக் ரிட்டார்டு (நாக்கிங்குக்காக அது எத்தனை டிகிரி தாமதமாக்கப்படுகிறது). நிலையான வேகத்தில், மிதமான சுமையில் ஓட்டுங்கள். எண்ணை வேறொருவர் பார்க்கட்டும். நாக் ரிட்டார்டு ஓரிடத்தில் அசையாமல் நின்றால், அல்லது பொறி முன்னேற்றம் எப்போதும் தாழ்ந்தே இருந்தால், கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. ரிட்டார்டு ஏறி ஏறி இறங்குகிறது என்றால் காது நன்றாகவே கேட்கிறது. கேட்பது எதை என்பதுதான் கேள்வி.

ஏற்றத்தில், சுமையில் கலகலவென்று சத்தம்

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. சத்தம் உண்மையாகவே கேட்கிறது என்றால் நாக்கிங் உண்மையாகவே நடக்கலாம். சென்சார் அதைத் தெரிவிக்கும் வேலையைத்தான் செய்கிறது. பார்க்க வேண்டியவை: குறைந்த ஆக்டேன் எரிபொருள், வேண்டிய அளவுக்கும் அதிகமாக ஏறும் இன்ஜின் வெப்பம், வெற்றிடக் கசிவாலோ எரிபொருள் அழுத்தக் குறைவாலோ மெலிந்துபோன கலவை, வேலை செய்யாத இஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்பி விடுவது), தவறான வெப்ப எண் கொண்ட பிளக், எரிப்பு அறையில் படிந்த கரி. பழைய இன்ஜினில் கரி மிகச் சாதாரணம். அது இருக்கும் இடத்தை அடைத்து அழுத்த விகிதத்தையும் உயர்த்தும், சூடாகிக் கனன்று தானே பற்றவும் வைக்கும்.

இன்னொரு வகைச் சத்தமும் உண்டு. கழன்ற வெப்பத் தகடு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உடைந்த போல்ட், விரிசல் கண்ட ஃப்ளெக்ஸ்பிளேட் (இன்ஜினை ஆட்டோமேட்டிக் கியரோடு இணைக்கும் தட்டு), தேய்ந்த லிஃப்டர் (வால்வை இயக்கும் பாகம்), பெல்ட் டென்ஷனரின் பேரிங். இவற்றின் சத்தத்தைச் சில சமயம் கம்ப்யூட்டரே நாக்கிங் என்று எடுத்துக்கொண்டு இழுவையைக் குறைத்துவிடும். ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரையோ ஸ்டெதஸ்கோப்பையோ வைத்து ஒவ்வொரு இடமாகக் கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் டிக்டிக் என்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் கசிவை முதலில் சந்தேகியுங்கள். சுமை இல்லாமலே ஆழமான தட்டல் கேட்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள். அது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். சென்சார் பற்றிய யோசனையே அப்போது வேண்டாம்.

மழைக்குப் பின் அல்லது இன்ஜினைக் கழுவிய பின் விளக்கு எரிகிறது

இந்த அறிகுறியை விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், ஒரு குறிப்பிட்ட குடும்பத்து இன்ஜின்களில் இது கிட்டத்தட்டக் கையெழுத்து போன்றது. 1999-க்கும் 2007-க்கும் இடைப்பட்ட செவ்ரோலே சில்வராடோ, ஜிஎம்சி சியரா டிரக்குகளின் 4.8, 5.3, 6.0 லிட்டர் வி8 இன்ஜின்களில் இரண்டு நாக் சென்சார்கள் உண்டு. இரண்டும் வி வடிவத்தின் நடுப் பள்ளத்தில், மேனிஃபோல்டுக்கு அடியில், தனித்தனிக் குழிகளில் செங்குத்தாக நிற்கின்றன. மேலே ரப்பர் மூடி. மேனிஃபோல்டைச் சுற்றி வழியும் நீர் பின்பக்கக் குழியில் மூடியைத் தாண்டி இறங்கித் தேங்கும். முனை பச்சை பூத்து, சென்சார் துருப்பிடித்து, சிக்னல் மெல்ல மடியும். முதலில் மழை நாளில் மட்டும் விளக்கு எரியும்; பிறகு நிரந்தரமாகிவிடும். 2007-இல் வந்த அடுத்த தலைமுறை டிரக்கில் சென்சாரைப் பிளாக்கின் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

டொயோட்டாவின் 3.4 லிட்டர் வி6 இன்ஜினிலும் சென்சார்கள் மேனிஃபோல்டுக்கு அடியில்தான். அங்கே நீரைவிட வெப்பம் பெரிய எதிரி. சென்சாருக்குப் போகும் சிறு ஒயர் தொகுப்பு பல ஆண்டுச் சூட்டில் காய்ந்து, தொட்டாலே நொறுங்கும். அந்த வண்டியில் சென்சாரை மட்டும் மாற்றி ஒயரை விட்டுவைப்பது பாதி வேலை.

பிரிக்காமல் சோதிப்பது

சென்சார் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் ஒயர் எங்காவது வெளியே வந்து ஒரு கனெக்டரில் சேரும். இன்ஜின் குளிர்ந்திருக்க, சாவி அணைந்திருக்க, அந்தக் கனெக்டரைப் பிரியுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள்: பச்சை, வெள்ளைப் பொடி, தளர்ந்த பின், எலி கடித்த தடம். பழுதில் கணிசமான பங்கு இங்கேயே பிடிபடும்.

அடுத்து மல்டிமீட்டரில் மின்தடை. மேலே சொன்ன வி8-இன் ஒற்றை ஒயர் சென்சார்களில், முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோ ஓம் வர வேண்டும். 93 முதல் 107 வரை சரி. 1990-களின் நிசான் இன்ஜின்கள் பலவற்றில் 500 முதல் 620 கிலோ ஓம். இரண்டு ஒயர் கொண்ட தட்டையான வகைகள் பலவற்றில் 1 மெகா ஓமுக்கும் மேல் காட்டும். அங்கே மீட்டர் எதுவும் காட்டாததாலேயே சென்சார் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே கணக்கு. அளக்கும்போது விரல்கள் மீட்டரின் இரு முனைகளையும் தொடக் கூடாது. இவ்வளவு உயர்ந்த தடையில் உடம்பின் தடையும் சேர்ந்து அளவைக் கெடுக்கும்.

தடை சரியாக இருந்தாலும் படிகம் விரிசல் கண்டிருக்கலாம். மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, சென்சாருக்கு அருகே பிளாக்கின் மீது ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியை ஊன்றி, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எண் துள்ள வேண்டும். இரண்டு சென்சார் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று துள்ளி மற்றொன்று உறங்கினால் விடை கிடைத்துவிட்டது. சென்சாரின் மேலேயே அடிக்காதீர்கள், படிகம் உடையும். ஓடும் இன்ஜினில் தட்டி நாக் ரிட்டார்டு ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பல கம்ப்யூட்டர்கள் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில்) நாக்கிங்கைப் பொருட்படுத்துவதே இல்லை.

மூன்றாவதாகக் கனெக்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒயர் தொடர்ச்சி, பூமிக்கு (இன்ஜின் உடலுக்கு) குறுக்குத் தொடர்பு இருக்கிறதா என்ற சோதனை. சிக்னல் ஒயர் பிளக் ஒயரை ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். மில்லிவோல்ட் சிக்னலில் பல ஆயிரம் வோல்ட்டின் இரைச்சல் எளிதாகக் கலந்துவிடும்; சுற்று உறை கிழிந்திருந்தால் இன்னும் எளிது.

சென்சாருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைச் சொருகிக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் யோசனை பலருக்கு வருகிறது. செய்யாதீர்கள். இயல்பான இரைச்சலைத் தேடும் கம்ப்யூட்டர் அதில் ஏமாறாது. ஏமாறும் கம்ப்யூட்டரோ காது கேட்பதாக நம்பிப் பொறியை முழுவதுமாக முன்னேற்றும். உண்மையான நாக்கிங் வரும் அன்று தடுக்க யாரும் இல்லை, பிஸ்டனின் ரிங் மேடுதான் உடையும்.

மாற்றுவது

எல்லா வண்டியிலும் இது பெரிய வேலை அல்ல. 1987 முதல் 1995 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளின் வி8-இல் சென்சார் பிளாக்கின் பக்கவாட்டில், கூலன்ட் வடியும் துளையிலேயே திருகப்பட்டிருக்கும். கழற்றியதும் கூலன்ட் கொட்டும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, கீழே ஒரு பாத்திரம் வைத்து, முகத்தை விலக்கி வைத்துக் கழற்றுங்கள். முடித்த பின் கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். அவ்வளவுதான்.

மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் வகைதான் கவனம் கேட்கும். 1999-2007 வி8-ஐ வைத்தே சொல்கிறேன். மற்றவற்றிலும் ஒழுங்கு ஏறத்தாழ இதுவே.

பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையைக் கழற்றுங்கள். எரிபொருள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைக் கொடுக்கும் குழாயில்) உள்ள வால்வில் துணியைச் சுற்றி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். இன்ஜின் அணைந்த பிறகும் அங்கே அழுத்தம் நிற்கும், சூடான எக்ஸாஸ்ட்டில் தெறித்தால் தீதான். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காற்றுக் குழாய், த்ராட்டில் இணைப்புகள், எட்டு இன்ஜெக்டர் கனெக்டர்கள், வெற்றிடக் குழாய்கள், எரிபொருள் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளில் த்ராட்டில் பாடிக்குக் கூலன்ட் குழாய்களும் போகும், கொஞ்சம் சிந்தும். எரிபொருள் ரெயிலை மேனிஃபோல்டிலிருந்து பிரிக்கத் தேவையில்லை, இரண்டையும் சேர்த்தே தூக்கலாம்.

மேனிஃபோல்டைப் பிடித்திருப்பவை 8 மி.மீ. தலையுள்ள பத்து போல்ட்கள். அவற்றைத் தளர்த்தும் முன், சுற்றிலும் சேர்ந்த மண்ணையும் இலைச் சருகையும் வேக்யூம் வைத்து உறிஞ்சுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் பலர். மேனிஃபோல்டைத் தூக்கும் கணத்தில் அந்த மண் திறந்த இன்டேக் வாய்களுக்குள் சரியும். அது வால்வுக்கும் சிலிண்டருக்கும் போகும். தூக்கிய உடனே எட்டு வாய்களிலும் சுத்தமான துணியை அடையுங்கள். எட்டு அடைத்தால் எட்டு எடுக்க வேண்டும்.

இப்போது பள்ளம் தெரியும். ரப்பர் மூடியைத் தூக்கி, கனெக்டரைப் பொறுமையாக மேலே இழுங்கள். குழியில் நீரோ துருவோ இருந்தால் சென்சாரைக் கழற்றும் முன்பே உறிஞ்சித் துடையுங்கள். 22 மி.மீ. ஆழமான சாக்கெட் வேண்டும். துரு இறுகியிருந்தால் ஊடுருவு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

ஒன்றுதான் செத்திருக்கிறது என்று சோதனை சொன்னாலும் இரண்டையும், இடையே போகும் ஒயர் தொகுப்பையும் சேர்த்து மாற்றுங்கள் என்பேன். ஒரே வயது, ஒரே வெப்பம், ஒரே ஈரம். மற்றது பின்தொடரும், அப்போது இதே மேனிஃபோல்டை மீண்டும் தூக்க வேண்டும். மேனிஃபோல்டின் பின்பக்கம் மறைந்திருக்கும் ஆயில் அழுத்தச் சென்சாரும் இப்போது கைக்கு எட்டும். அது ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தால் இதைவிட நல்ல நேரம் கிடையாது.

இழைத் துளையைத் துணியால் துடைத்து, புதிய சென்சாரை முதலில் கையால் திருகுங்கள். ஒற்றை ஒயர் வகையில் பூமி இணைப்பே இழை வழியாகத்தான். டெஃப்லான் டேப், சீலன்ட் எதுவும் தடவக் கூடாது. டார்க் ரெஞ்ச்சில் 20 நியூட்டன் மீட்டர். இந்த எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். அதிகம் முடுக்கினால் படிகத்தின் மேல் அழுத்தம் ஏறி உணர்திறன் மாறும். குறைவாக முடுக்கினால் அதிர்வு சரியாகக் கடத்தப்படாது. நடுவில் போல்ட் போகும் தட்டையான வகைக்கும் பெரும்பாலும் ஏறத்தாழ இதே அளவுதான். அதற்கு அடியில் வாஷர் போடாதீர்கள், பிளாக்கின் பரப்பு பெயின்ட், துரு இல்லாமல் இருக்கட்டும்.

பின்பக்கக் குழியைச் சுற்றி ஆர்டிவி சிலிக்கானால் (காற்றில் இறுகும் அடைப்புப் பசையால்) ஒரு சிறு வரப்பு கட்டும் முறையை ஜெனரல் மோட்டார்ஸே தன் மெக்கானிக்குகளுக்குச் சொன்னது. வரும் நீர் வரப்பில் தடுக்கப்பட்டு விலகி ஓடும். முழு வட்டமாக மூடாமல் பின்புறம் ஓர் இடைவெளி விடுங்கள்; உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழி வேண்டும்.

துணிகளை எண்ணி எடுத்து, பரப்புகளைத் துடைத்து, புதிய காஸ்கெட்டுடன் மேனிஃபோல்டை இறக்குங்கள். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதல் சுற்றில் 5 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 10. மேனிஃபோல்டு பிளாஸ்டிக், கைவலிமையைக் காட்டும் இடமல்ல.

ஸ்டார்ட் செய்யும் முன்னும் பின்னும்

எல்லாவற்றையும் மாட்டிப் பேட்டரியை இணைத்த பின், சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து சில விநாடி காத்து அணையுங்கள். சில முறை இப்படிச் செய்து எரிபொருள் இணைப்பில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். கசிவு இல்லை என்றால் மட்டும் ஸ்டார்ட். ஐடில் ஏறி இறங்கினால், அல்லது ஸ்கேனரில் எரிபொருள் டிரிம் (கலவையைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் எரிபொருளின் அளவு) வேலைக்கு முன் இருந்ததைவிட வெகுவாக ஏறியிருந்தால், மேனிஃபோல்டில் எங்கோ காற்று புகுகிறது. மாட்ட மறந்த வெற்றிடக் குழாயை முதலில் தேடுங்கள்.

குறியீட்டை அழித்து, இன்ஜின் முழுவதும் சூடேறிய பின், ஃப்ரீஸ் ஃபிரேமில் எழுதி வைத்த அதே வேகம், அதே சுமையில் ஓட்டுங்கள். கடும் சுமையில் நாக் ரிட்டார்டு ஒரு நொடி ஓரிரு டிகிரி தலைகாட்டி மறைந்தால் அது சென்சாரின் வேலை. சுமை குறைந்த பிறகும் அது இறங்காமல் நின்றால் சத்தத்தின் மூலத்தைத் தேடுங்கள்.

புதியது போட்டும் அதே குறியீடு

பாகத்தின் எண்ணை முதலில் சரிபாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்களிலேயே 100 கிலோ ஓம் சென்சாரும் உண்டு, ஏறத்தாழ 4 கிலோ ஓம் சென்சாரும் உண்டு. வெளியில் பார்த்தால் வேறுபாடு தெரியாது, திருகினால் பொருந்தும், குறியீடு மட்டும் போகாது. எண் சரி என்றால் பழைய ஒயரை விட்டுவைத்தீர்களா, கனெக்டர் முழுமையாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். மூடியை அழுத்தும்போது கனெக்டர் பாதி எழும்பிவிடுவது உண்டு. வெளியில் வரும் கனெக்டரில் மின்தடையை மீண்டும் அளந்தால், மேனிஃபோல்டைத் தூக்காமலே அது தெரிந்துவிடும். அங்கேயும் அளவு சரியாக இருந்தால், கம்ப்யூட்டர் வரை போகும் ஒயரை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான்.